கலப்படக்காரியின் ரொட்டி

அவளுக்குக் கலப்படக்காரி என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, சொந்த அக்காள் புருஷன்தான். அதையும் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாக வைக்கவில்லை. விருந்து மேசையில், உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவள் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கோதுமையில சோளத்தைக் கலந்திருக்கியா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு கலப்படம். உள்ள தூக்கி வெச்சிடுவாங்க" என்றார். மேசையே குலுங்கியது. அவளும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இத்தனைக்கும் அவள் அந்தக் கலப்பைத் தொடங்கியதற்குக் காரணமே அவர்தான்.

அவளுக்கு வேலை துறைமுகத்தை ஒட்டிய பெரிய மாவு மில்லில். வேதியியல் படித்தவள். படித்த கையோடு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள், அங்கேயே வேர் விட்டுவிட்டாள். மேலாளர் முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் லேப்பம்மா. கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை ஓடு பதித்த ஒரு மேடை, ஒரு தொட்டி, கையால் சுற்றும் சின்ன அரவை எந்திரம், கைப்பிடி கழன்று கம்பியால் கட்டி வைத்த ஒரு சின்ன அடுப்பு, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். கப்பலின் வயிற்றுக்குள் உறிஞ்சு குழாயை இறக்கிக் கோதுமையை இழுக்கிற இரைச்சலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் கத்தத்தான் வேண்டும். அதனால் அவள் வீட்டிலும் கத்தியே பேசுவாள். புருஷன், "நான் ஒண்ணும் கப்பல் இல்லடி" என்பான்.

கப்பல் வந்ததும் முதல் பிடி கோதுமை அவள் மேடைக்கு வந்துவிடும். அதை அரைப்பாள், ஒரு கைப்பிடி மாவைப் பிசைவாள், பிசைந்த உருண்டையைக் குழாயடியில் பிடித்துக் கழுவுவாள். பால்போல வெள்ளைத் தண்ணீர் ஓடி ஓடிக் கடைசியில் கையில் ரப்பர்போல ஒரு பிசின் உருண்டை மிஞ்சும். ரொட்டியை உப்ப வைத்து, உப்பியதை விழாமல் நிறுத்துவது அந்தப் பிசின்தான். நல்ல கோதுமையின் பிசின் இழுக்க இழுக்க வரும். சோதாக் கோதுமை என்றால் கழுவும்போதே விரலிடுக்கில் ஒழுகிப் போய்விடும், கையில் ஒன்றும் இருக்காது. அவள் அந்த உருண்டையை இரண்டு விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் குழாய் மறுபடி உறிஞ்சும்.

அவளுடைய அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறுதான் எல்லை. பாலத்தின் இந்த முனையில் ஒரு நாடு, அந்த முனையில் இன்னொரு நாடு, நடுவில் இரண்டு சோதனைச் சாவடிகள். பாலத்தின் மேல் போய் வருகிற பேருந்தை ஓட்டுவது அவளுடைய புருஷன். அதனால் அக்காள் வீட்டுக்குப் போக அவளுக்கு ஒரு சாக்கும் தேவைப்படவில்லை.

அக்காள் புருஷன் அந்த ஊர்த் தானியக் கிடங்கின் பொறுப்பாளர். ஆள் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. மச்சினியைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. எந்த நாடு எவ்வளவு தானியம் வெளியிலிருந்து வாங்குகிறது என்று ஆண்டுக்கொரு முறை பத்திரிகையில் வரும். அன்றைக்கு அவருக்குத் திருநாள்.

"மச்சினி, இங்க வா. உங்க நாடு நூறு மூட்டை தானியம் தின்னா, அதுல எண்பது மூட்டை கப்பல்ல வந்ததாம். எங்களுக்கு வெறும் முப்பது. நீங்கல்லாம் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போடணும் போல இருக்கே."

"எங்க பக்கம் மலைதானே அத்தான் ஜாஸ்தி. கோதுமை எங்கருந்து விளையும்?"

"அப்ப மலையைத் தின்னுங்க."

அவளுடைய புருஷன் தட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினான். மேசைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

மறுநாள் காலை அக்காள் அடுக்களைக்கு வந்து பார்த்தால் தங்கை தொட்டியடியில் நிற்கிறாள். கை முழங்கை வரை மாவு.

"விருந்துக்கு வந்தவ பாத்திரம் கழுவலாம், துணி கழுவலாம். மாவைக் கழுவுறவளை இன்னிக்குத்தான்டி பார்க்கிறேன்."

"அத்தானைக் கூப்பிடு."

அவர் பல் குச்சியோடு வந்தார். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். வலது கையில் ஒரு நல்ல பிசின் உருண்டை. இடது கையில் ஈரம் மட்டும்தான்.

"வலது கை, நீங்க கடையில வாங்கற மாவு. உங்க கோதுமையும் கப்பல் கோதுமையும் சேர்ந்தது. இடது கை, உங்க கிடங்குல இருக்கிற உங்க ஊர்க் கோதுமை மட்டும், அக்கா தனியா அரைச்சு வெச்சிருந்தது. பாருங்க, பிசினே இல்ல."

"அதனால?"

"அதனால உங்க நாட்டு ரொட்டியைத் தூக்கி நிறுத்தறது அந்த முப்பதுதான் அத்தான். அது ஒரு தடவை வரலைன்னு வைங்க, மீதி எழுபதும் சப்பையா படுத்துடும். முப்பதுன்னு சொல்றீங்க. உண்மையில நூறும் கப்பலை நம்பித்தான் இருக்கு."

அக்காளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. புருஷனை இப்படி ஒருவர் வாயடைத்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் லேசில் விழுகிற ஆள் இல்லை. "கப்பல் எதுக்கு வராமப் போகப்போகுது? எங்க அப்பா காலத்துலருந்து வருது" என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கடித்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் முன் இருக்கையில், புருஷனுக்குப் பக்கவாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாதத்தில் ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"என்ன, அத்தானை மடக்கிட்டு வந்திருக்கே. வாயைத் திறந்து சிரிக்கக் கூடாதா?"

"அவங்களுக்குப் பிசின் மட்டும்தான் கப்பல்ல வருது. நமக்குப் பிசினும் கப்பல், மாவும் கப்பல். நான் யாரைப் பார்த்துச் சிரிக்க?"

பாலம் தாண்டினால் மலைச்சரிவு. சரிவு முழுக்கச் சோளம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வந்துவிடும், கல்லிலும் முளைக்கும், கேட்பாரில்லை. விளைந்த அத்தனையும் கோழிப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ முறை பார்த்த சரிவுதான். அன்றைக்கு அவள் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்த பிறகு பரிசோதனைக் கூடத்தின் அடுப்பு அணையவில்லை.

சோளத்தில் பிசின் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பத்துக்கு ஒரு பங்கு கலந்தால் ரொட்டி பொறுத்துக்கொள்ளும். இரண்டு பங்கு என்றால் முகம் சுளிக்கும். மூன்றாவது பங்கைக் கண்டதும் படுத்துவிடும். அவள் சுட்டு எடுத்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். புருஷன் வாய் பேசாமல் தின்பான். ஒருநாள் மட்டும் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இதைத் தின்னணுமா, இல்ல பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கணுமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அதையும் தின்றான்.

வழி பிறந்தது பரிசோதனைக் கூடத்தில் இல்லை. வீட்டுப் பின்கட்டில், ஒரு விடுமுறை நாளில், புருஷனின் சீருடைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் தங்கிவிடும். அதையே கொதிநீர் விட்டுக் கிளறினால் பசையாகித் துணியோடு துணியாகப் பிடித்துக்கொள்ளும். கையில் ஒட்டிய கஞ்சியை அவள் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். மில்லில் இழுத்துப் பார்க்கிற அதே பழக்கம். கஞ்சி கொஞ்சம் இழுபட்டது. சட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

சோள மாவில் ஒரு பகுதியைக் கொதிநீர் விட்டுப் பசையாக்கி, ஆறவைத்து, மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். சாயங்காலம் அடுப்பிலிருந்து எடுத்தபோது ரொட்டி நிமிர்ந்து நின்றது. கோதுமை ரொட்டி அளவுக்கு உயரம் இல்லை, நிறமும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மேலே வந்தது. பத்தில் நான்கு பங்கு சோளம்! புருஷன் ஒரு முழு ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றான். அவனுடைய சீருடை அன்றைக்கு வாளியில் ஊறிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஈரச்சட்டையோடு வண்டி ஓட்டினான்.

அந்த ரொட்டியைத்தான் அவள் ஆசை ஆசையாக அக்காள் வீட்டு விருந்துக்குக் கொண்டுபோனாள். கிடைத்தது அந்தப் பட்டப் பெயர்.

மில்லிலும் பூரண கும்ப மரியாதை எல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலாளர் காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். எதைச் சொன்னாலும் முதலில் "அது சரிப்பட்டு வராது" என்பார். பிறகுதான் காதில் வாங்குவார். ரொட்டியைத் தின்று பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கோழித் தீனியை மனுஷனுக்குப் போடறாங்கன்னு ஊரே நம்ம மில்லைக் காறித் துப்புமே லேப்பம்மா" என்றார்.

அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் மில் தொழிலாளிகளின் உணவறையில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் முதல் நாள் முனகினார்கள். இரண்டாம் வாரம் வயிறு கனமாகத் தாங்குகிறது என்று சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ஊர் ரொட்டிக் கடைக்காரர்களின் சங்கத் தலைவர் ஒரு தாடிக்காரர், ஊரிலேயே பெரிய அடுமனை அவருடையது. அவரிடம் ஒரு ரொட்டியை அனுப்பினாள். அது வந்த வேகத்தில் திரும்பி வந்தது, ஒரு வாய்கூடக் கடிக்கப்படாமல். கூடவே ஒரு செய்தி: 'என் தாத்தா சுட்டது கோதுமை, அப்பா சுட்டது கோதுமை. நான் கோழிக்குச் சமைக்கிறவன் இல்லை.'

அவள் அசரவில்லை. ஒவ்வோர் அறுவடையின்போதும் மேலாளரின் உயிரை எடுத்து, மலைச் சோளத்தை மில்லுக்கு வாங்க வைத்தாள். உணவறைக்குத் தேவைப்பட்டதற்கும் மேலேயே வாங்க வைத்தாள். காலியாகக் கிடந்த பழைய சேமிப்புக் கோபுரம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. மலை உழவர்களுக்குக் கோழிப் பண்ணைக்காரனை விட்டால் வேறு கதி இல்லை என்ற நிலை போய், இன்னொரு வாசல் திறந்தது. அவர்கள் கூடுதலாக விதைத்தார்கள். கோபுரத்தைக் கடக்கிற போதெல்லாம் மேலாளர், "லேப்பம்மாவோட கோழிப் பண்ணை" என்று கையைக் காட்டிச் சிரிப்பார். அவளும் "முட்டை போடட்டும், அப்புறம் பேசுங்க" என்பாள். ஆண்டுகள் இப்படியே ஓடின.

பிறகு ஒரு வசந்த காலத்தில் கப்பல் வரவில்லை.

எங்கோ தொலைவில், இந்த ஊர்க்காரர்கள் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நீரிணையில் சண்டை மூண்டுவிட்டது. அந்த வழியாகத்தான் கோதுமைக் கப்பல்கள் வரவேண்டும். முதல் வாரம் "தாமதம்" என்றார்கள். அடுத்த வாரம் "கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். அதற்கடுத்து ஒன்றுமே சொல்லவில்லை. உறிஞ்சு குழாய் மேலே தூக்கியபடி காற்றில் தொங்கியது. பரிசோதனைக் கூடத்து ஜன்னல் வழியாக முதல் முறையாகக் கடலின் சத்தம் கேட்டது.

மேலாளர் கூப்பிட்டார். பென்சில் காதில் இல்லை, கையில் உருண்டுகொண்டிருந்தது.

"கோதுமை ஒரு மாசம் தாங்கும். இழுத்துப் பிடிச்சா இன்னும் கொஞ்சம். அப்புறம் மில்லுக்குப் பூட்டு, ஊருக்குப் பட்டினி. என்ன பண்ணலாம்?"

"என்கிட்டதான் கேக்கணுமா?"

"அது சரிப்பட்டு வராதுன்னு இந்தத் தடவை சொல்ல மாட்டேன்மா. சொல்லு."

அவள் சொன்னாள். கோதுமையும் சோளமும் பாதிக்குப் பாதி, பசையைக் கூட்டினால் தாங்கும். கோபுரத்துச் சோளம் முழுவதும் இறங்கட்டும். கடைக்காரர்கள் எல்லோருக்கும் பசை கிளறவும் பிசையவும் அவளே போய்ச் சொல்லிக்கொடுப்பாள். அப்படிச் செய்தால் ஒரு மாதக் கோதுமை இரண்டு மாதத்துக்கு வரும், அதுவரை ஊர் அடுப்பு எரியும்.

"முதல்ல தாடிக்காரர் அடுமனை. அவர் சுட்டா மத்தவங்க தானா வருவாங்க" என்றாள்.

விடிந்ததும் விடியாததுமாக அவள் அந்த அடுமனைக்குப் போனாள். நீளமான கூடம், சுவரெல்லாம் புகையேறிக் கறுத்திருந்தது, பத்துப் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தாடிக்காரர் மரத்தொட்டிக்குப் பின்னால் மலை மாதிரி நின்றார்.

"அண்ணே, கொதிநீர் வேணும்" என்றாள்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளற ஆரம்பித்தாள். பெரிய அண்டா. வீட்டுக் கஞ்சியைக் கிளறிய கைக்கு அது பழக்கமில்லை. துடுப்பு பசையில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்து நின்றது. சற்று நேரம் வேடிக்கை பார்த்த தாடிக்காரர் வந்து துடுப்பைக் கையில் வாங்கினார். "இப்படிச் சுத்தக் கூடாது. அடியைத் தோண்டிச் சுத்தணும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை.

மாவு பிசைந்து, உருட்டி, துணி மூடி வைத்தாயிற்று. காத்திருந்தார்கள். துணி மெல்ல மெல்ல மேலெழும்பியது. அடுப்புக்குள் தள்ளினார்கள். வெளியே கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு ரொட்டி உண்டா, இல்லையா என்று கேட்கிற குரல்கள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தன. உணவறைக்குச் சுட்டது வேறு, ஊருக்குச் சுடுவது வேறு.

தாடிக்காரர் அடுப்புக் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. வரிசை வரிசையாக ரொட்டிகள், ஒன்றுகூடப் படுக்காமல், தேன் நிறத்தில், தலை வெடித்து நின்றன. அவர் ஒன்றை எடுத்து, சூட்டில் கை மாற்றி மாற்றிப் பிய்த்து, வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கூடமே அவருடைய தாடி ஏறி இறங்குவதைப் பார்த்தது.

"கதவைத் திறங்கடா!" என்று கத்தினார். "எல்லாருக்கும் உண்டுன்னு சொல்லுங்க!"

அன்று அந்தத் தெருவில் விற்காத ரொட்டி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வாரத்துக்குள் ஊரின் எல்லா அடுமனைகளிலும் பசை கொதித்தது. தலைநகரத்து மில்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவளுடைய மேடையைச் சுற்றி நின்று பிசைந்து பழகினார்கள். கைப்பிடி கழன்ற அந்த அடுப்பில் யார் முதலில் சுடுவது என்று இரண்டு பட்டதாரிகள் தள்ளுமுள்ளு செய்துகொண்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. அக்காள் தொலைபேசியில், "ரொட்டின்னு விக்கிறாங்கடி, தட்டு மாதிரி இருக்கு. எடுத்து வீசினா பறக்கும்" என்றாள். முதலில் சிரித்தாள், அப்புறம் குரல் உடைந்தது. "வரிசையில நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு. இவர் வீட்டுல பேசறதே இல்ல."

இரண்டு நாள் கழித்து மில் வாசலில் அத்தானே வந்து நின்றார். தோளில் ஒரு மூட்டை. பேருந்தில் மச்சினியின் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"மச்சினி," என்றார். குரல் சின்னதாக வந்தது. "எங்ககிட்ட கோதுமை மலை மாதிரி கெடக்கு. ரொட்டிதான் இல்ல."

அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஆயிரம் பேசியிருக்கலாம். எத்தனை விருந்துகளின் பாக்கி! நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். அவருடைய மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். அவருடைய நாட்டுக் கோதுமை, மெத்தென்று, சுத்தமாக இருந்தது.

"எங்ககிட்ட பிசின் உள்ள கோதுமை கொஞ்சம் இருக்கு, மாவுக்குத்தான் பஞ்சம். உங்ககிட்ட மாவு இருக்கு, பிசின் இல்ல. பசைக்கு மலைச் சோளம் இருக்கு. உக்காருங்க அத்தான், மூணையும் கலந்து பார்ப்போம்."

அவருக்கு முக்காலி போதவில்லை. பாதி உடம்பு வெளியே இருக்க, மேடையோரம் உட்கார்ந்தார். அவள் ஒரு பங்கு இது, ஒரு பங்கு அது என்று மாற்றி மாற்றிக் கலந்தாள். முதல் ரொட்டி சரிந்தது. அவர் பெருமூச்சு விட்டார். இரண்டாவது ஒரு பக்கம் சாய்ந்தது. பசையைக் கூட்டினாள், தண்ணீரைக் குறைத்தாள். மூன்றாவதை உள்ளே வைத்துவிட்டு அடுப்பின் கண்ணாடி வழியாக இருவரும் குனிந்து பார்த்தார்கள், தலையும் தலையும் முட்டிக்கொள்ள. மாவு அசைந்தது. எழுந்தது. இன்னும் எழுந்தது.

"ஏறுதுடி! ஏறுது!" அத்தான் கத்திய கத்தலில் மூட்டைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அவர் பார்த்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். மேலாளரையும் விடவில்லை. அந்த ஒல்லி மனிதர் காலை உதறிக்கொண்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றார்.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பாலத்தில் சந்தித்தார்கள். இரண்டு சாவடிகளிலும் தடுப்புக் கட்டை மேலே போனது, பல வாரங்களுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து கோதுமை வந்தது, இந்தப் பக்கத்திலிருந்து மூன்றும் கலந்த மாவு போனது. கடைசியில் சண்டை ஓய்ந்து முதல் கப்பல் தலைகாட்டியபோது ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. இரண்டு கரையிலும் ஒரு வீட்டில்கூட அடுப்பு அணைந்திருக்கவில்லை. கப்பல் முகவர் மேலாளரிடம் வழக்கமான அளவா என்று கேட்டார். மேலாளர் லேப்பம்மாவைப் பார்த்தார். அவள் ஜன்னலிலிருந்து கையை நீட்டி, குறுக்கே ஒரு வெட்டு வெட்டிக் காட்டினாள். பாதி போதும்.

அடுத்த முறை பத்திரிகையில் அந்தக் கணக்கு வந்தபோது அத்தான் கிடங்கில் எல்லோரையும் நிற்க வைத்து உரக்கப் படித்தாராம். தன் நாட்டுக் கணக்கைப் படிக்காமல் தாண்டிப் போய்விட்டாராம். "எண்பதுலருந்து நாற்பதுக்கு வந்துட்டாங்கய்யா! யாரு பண்ணினது தெரியுமா? என் மச்சினி. நான்தான் பேரு வெச்சேன்" என்று மார் தட்டினாராம். அக்காள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஆண்டு மலையில் சோளம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அறுவடை முடிந்த முதல் நாள் மில் வாசலிலிருந்து பாலத்துக்குப் போகும் சாலை முழுவதையும் லாரிகள் அடைத்துக்கொண்டன. லேப்பம்மா வரிசை நெடுக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு லாரியிலும் ஏறி மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து மோந்து, ஈரம் பார்த்து, "போகட்டும், போகட்டும்" என்று கத்திக்கொண்டே வந்தாள். உழவர்கள் கூரைமேல் உட்கார்ந்து பேரிரைச்சலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி அவள் கூந்தலில் ஒரு சோளக்கதிரைச் செருகிவிட்டாள். அதை அவள் எடுக்கவில்லை.

வரிசையின் நடுவில் பாலத்துப் பேருந்து மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக முடியாமல் நின்றது. ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டான். பின்னாலிருந்து ஒரு பயணி பொறுமை இழந்து, "எவ்வளவு நேரம்யா? யாரு இந்த வேலையைப் பண்ணினது?" என்று கேட்டார்.

ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, லாரி மேல் நின்றிருந்தவளைக் காட்டினான்.

"என் பொண்டாட்டிதான்," என்றான். "இறங்கி வேடிக்கை பாருங்க. இன்னிக்கு வண்டி நகராது."